தாஷ்கண்டில் சோவியத் காலத்தைத் தேடி ஒரு நடை: முதன்முறை போகிறவர்களுக்கு

தாஷ்கண்ட் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது சாஸ்திரிதான். 1966 ஜனவரி 10-ஆம் தேதி பாகிஸ்தானுடன் அமைதி உடன்பாட்டில் கையெழுத்துப் போட்ட லால் பகதூர் சாஸ்திரி, விடிவதற்குள் அந்த ஊரிலேயே காலமானார். அடுத்த பிரதமர் யார் என்ற கேள்வி, அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் முன் வந்து நின்றது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அதே ஆண்டில் அந்த ஊருக்கு என்ன நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சாஸ்திரி இறந்து மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 26 அதிகாலை 5.23-க்கு, நகரின் மையத்துக்கு நேர் கீழே நிலம் குலுங்கியது. அவர் பார்த்த தாஷ்கண்டில் பெரும்பகுதியை இன்று நாம் பார்க்க முடியாது. நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்த ஊர்.

அதனால்தான், 'சோவியத் கால நகர உலா' என்ற ஒன்றை முதன்முறை முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு நான் தாஷ்கண்டைச் சொல்வேன். மாஸ்கோவில் ஜார் மன்னர்களின் காலமும் சோவியத் காலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். தாஷ்கண்டில் ஒரு தெருமுனையில் நின்று சுற்றிப் பார்த்தாலே போதும், அந்தக் காலம் கண்ணில் படும்.

சரி, இந்த உலா என்றால் என்ன? கோயில், கோட்டை, அரண்மனை பார்க்கிற சுற்றுலா நமக்குப் பழக்கம். இது வேறு வகை. 1991 வரை இருந்த சோவியத் ஒன்றியம் என்ற நாடு, தன் மக்களை எப்படி வாழவைக்க விரும்பியது என்பதை அது கட்டிவைத்த பொருள்களைக் கொண்டு படிப்பது. எனவே அடுக்குமாடி வீடு, சந்தை, ஓட்டல், மெட்ரோ நிலையம், தேநீர்க் கிண்ணம் எல்லாம் இதில் பார்க்க வேண்டிய இடங்களும் பொருள்களும்தான். இவற்றின் பக்கத்தில் விளக்கப் பலகை பெரும்பாலும் இருக்காது. தனியாகப் போனால் பழைய கான்கிரீட் கட்டடம் என்று கடந்து போய்விடுவோம். ஊர்க்காரர் ஒருவர் கூட வந்து சொன்னால்தான் கட்டடம் பேசும். வழிகாட்டி இதற்கு அவசியம் என்று நான் சொல்வதன் காரணம் அதுதான்.

கொஞ்சம் வரலாறு தெரிந்துகொண்டு போவது நல்லது. 1865-ல் ரஷ்யப் படை தாஷ்கண்டைப் பிடித்தது. மண் சுவர் வீடுகளும் குறுகலான சந்துகளும் கொண்ட பழைய ஊர் ஒரு பக்கம், ரஷ்யர்கள் நேர்கோட்டுத் தெருக்களோடு அமைத்த புதிய ஊர் மறுபக்கம், நடுவில் அன்ஹோர் கால்வாய் என்று இரட்டை நகரமாக அது வளர்ந்தது. 1917 புரட்சிக்குப் பின் சோவியத் ஆட்சி வந்தது. 1930-ல் சமர்கந்திடமிருந்து உஸ்பெக் குடியரசின் தலைநகர் என்ற தகுதி தாஷ்கண்டுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியப் படை நெருங்கிய பகுதிகளிலிருந்து தொழிற்சாலைகளையும் மக்களையும் ரயிலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். மாஸ்கோ பக்கத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த விமானத் தொழிற்சாலை ஒன்று போருக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டது. நம் விமானப்படை 'கஜராஜ்' என்று அழைக்கும் பெரிய இல்யூஷின்-76 சரக்கு விமானங்கள் அந்தத் தொழிற்சாலையில் உருவானவைதான்.

5.23-ல் நின்ற கடிகாரம்

பெரும்பாலான வழிகாட்டிகள் நடையைத் தொடங்கும் இடம் 'தீரம்' என்று பெயரிட்ட நினைவுச்சின்னம். 1976-ல் அமைத்தது. கறுப்புக் கல்லால் ஆன கனசதுரம் ஒன்று இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஒரு பாதியில் நிலநடுக்கத்தின் தேதி, மறுபாதியில் 5.23 காட்டும் கடிகாரம். அந்தப் பிளவு தரையில் கோடாக ஓடி, குழந்தையை ஏந்திய பெண்ணையும் அவளை மறைத்துக் கை நீட்டி நிற்கும் ஆணையும் எட்டுகிறது. இன்றும் ஊரில் கல்யாணம் முடித்த ஜோடிகள் இங்கே வந்து பூ வைக்கிறார்கள்.

நிலநடுக்கத்தின் அளவு ரிக்டரில் 5-ஐச் சற்றே தாண்டியது. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் மையம் சில கிலோமீட்டர் ஆழத்தில், ஊருக்கு அடியிலேயே இருந்ததால் மண் வீடுகள் தாங்கவில்லை. இறந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கில் மிகச் சிலர்தான். வீடிழந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். சோவியத் ஒன்றியத்தின் எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கட்டுமானத் தொழிலாளர்கள் வந்தார்கள். உக்ரேனியர் கட்டிய பகுதி, ஜார்ஜியர் கட்டிய பகுதி என்று வழிகாட்டி இன்றும் பிரித்துக் காட்டுவார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஊரை இடித்தது நிலநடுக்கம் மட்டும் இல்லை. விரிசல் விட்டிருந்தாலும் பழுது பார்த்துக் குடியிருந்திருக்கக் கூடிய எத்தனையோ வீடுகளைத் திட்டமிடுபவர்கள் தரைமட்டமாக்கினார்கள். அகலமான சாலையும் திறந்த சதுக்கமும் கொண்ட நவீன நகரம் என்ற வரைபடம் அவர்களிடம் முன்பே இருந்தது. நிலநடுக்கம் அதற்கு வழிவிட்டது. தெருவில் தூங்கிய குடும்பத்துக்குத் தண்ணீர்க் குழாயும் வெந்நீரும் உள்ள வீடு கிடைத்தது உண்மை. தலைமுறைகளாகக் கூடி வாழ்ந்த அக்கம்பக்கம் சிதறிப்போனதும் உண்மை. தாஷ்கண்டின் சோவியத் காலம் முழுக்கவே இப்படித்தான் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் கொடுத்ததும் தெரியும், பறித்ததும் தெரியும். இரண்டையும் சொல்கிற வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி என்பது என் எண்ணம்.

வீடுகளைப் படிப்பது

அடுத்து சிலன்ஸார் போன்ற குடியிருப்புப் பகுதிக்குப் போவீர்கள். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'மிக்ரோரயோன்', அதாவது சிறு வட்டாரம். சில ஆயிரம் பேருக்கு ஒரு வட்டாரம்; அதற்குள்ளேயே பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், மருத்துவ நிலையம், கடை. ஒரு குழந்தை பெரிய சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்பது கணக்கு. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நிறுத்திப் பொருத்தினால் வீடு தயார். அதனால்தான் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் முகவரி சொல்லும்போது தெருப்பெயருக்கு முன்னால் 'குவார்ட்டல்', அதாவது குடியிருப்புத் தொகுதியின் எண்ணைச் சொல்வார்கள். ஒன்பதாவது குவார்ட்டல், இத்தனாவது வீடு, இத்தனாவது பிளாட் என்று.

ஒன்றுபோல இருக்கிறதே என்று அலுத்துக்கொள்வதற்குள் கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரைப் பாருங்கள். ஜன்னல் இல்லாத அந்தச் சுவரில் நான்கு மாடி உயரத்துக்கு வண்ண மொசைக் இருக்கும். வானியல், பழத்தோட்டம், விண்வெளி, உஸ்பெக் எம்பிராய்டரிக் கோலங்கள் எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பலவும் ஷார்ஸ்கி சகோதரர்கள் மூன்று பேர் செய்தவை. வீடுகளை வார்க்கும் முறையோடே சேர்த்து இந்தப் படங்களையும் பலகையில் பதித்தார்கள். அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய படத்தின் கீழே யாரோ துணி உலர்த்தியிருப்பார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இந்தச் சுவர்கள்தான்.

அப்புறம் வெயில். கோடையில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை நாற்பது நாளை 'சில்லா' என்பார்கள். நம் கத்திரி மாதிரி. 40 டிகிரியைத் தாண்டும். மாஸ்கோவின் குளிருக்கு வரைந்த வீடு இங்கே அடுப்பாகிவிடும். அதனால் இங்குள்ள கட்டடக் கலைஞர்கள் பழைய உஸ்பெக் வீடுகளின் மரச் சல்லடை ஜன்னலை, 'பஞ்சரா' என்பதை, கான்கிரீட்டில் செய்து கட்டடத்தின் முகம் முழுக்கப் போர்த்தினார்கள். 1974-ல் கட்டிய உஸ்பெகிஸ்தான் ஓட்டல் இதற்கு நல்ல உதாரணம். திறந்து நிறுத்திய புத்தகம் போன்ற 17 மாடிக் கட்டடம், முகமெல்லாம் சல்லடை. லெனினின் நூற்றாண்டுக்காக 1970-ல் திறந்த லெனின் அருங்காட்சியகமும் அப்படித்தான். இப்போது அது உஸ்பெகிஸ்தான் வரலாற்று அருங்காட்சியகம். பழைய ஊரின் சோர்ஸு சந்தையில் 1980-ல் எழுந்த நீலக் குவிமாடமும் இதே குடும்பம். சோவியத் நவீனத்துவம் என்று நூல்களில் சொல்வது இந்தப் பாணியைத்தான். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு 'எங்கள் ஆட்சியில் கிழக்கு எப்படி மலர்ந்திருக்கிறது பாருங்கள்' என்று காட்டும் ஊராக மாஸ்கோ தாஷ்கண்டை வைத்திருந்தது. 1958-ல் ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு இங்கே நடந்தது அதன் ஒரு பகுதி. கட்டடங்களின் அலங்காரத்துக்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

நேரம் இருந்தால் 'ஜெம்சூக்' என்ற கட்டடத்தையும் காட்டச் சொல்லுங்கள். முத்து என்று பொருள். 1985-ல் முடிந்த 16 மாடி வீடு. ஒஃபெலியா அய்தினோவா என்ற கட்டடக் கலைஞர், மூன்று மாடிக்கு ஒரு முற்றம் என்று வானத்தில் முற்றங்களை வைத்தார். தரையில் இடித்துப்போட்ட மஹல்லாவை, அதாவது முற்றத்தைச் சுற்றி உறவும் அயலும் கூடி வாழ்ந்த பழைய தெருவை, செங்குத்தாக எழுப்பிப் பார்க்கும் முயற்சி அது. சிலன்ஸாரில் தொலைந்தது என்ன என்பதைச் சோவியத் கட்டடக் கலைஞர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தரைக்கடியில்

மெட்ரோ 1977 நவம்பர் 6-ஆம் தேதி, அக்டோபர் புரட்சியின் 60-ஆம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய நாள் திறந்தது. மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ. அணுகுண்டுக்குப் பதுங்கிடமாகவும் கருதியதால் 2018 வரை இதற்குள் படம் எடுக்கத் தடை இருந்தது. இப்போது தாராளமாக எடுக்கலாம். ஒரு டிக்கெட்டில் நிலையம் நிலையமாக இறங்கிப் பார்ப்பது எந்த உலாவிலும் பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும்.

'கஸ்மனாவ்த்லார்' என்றால் விண்வெளி வீரர்கள். 1984-ல் திறந்த அந்த நிலையத்தின் சுவர் நீலத்திலிருந்து கருமைக்கு மெல்ல மாறிக்கொண்டே போகும், பூமியிலிருந்து மேலே ஏறுவது போல. வட்ட வட்டமாகப் பீங்கான் படங்கள்: யூரி ககாரின், வாலென்தினா தெரஷ்கோவா, உஸ்பெகிஸ்தான் மண்ணில் பிறந்த விளாதிமிர் ஜானிபெகோவ். அவர்களோடு, 15-ஆம் நூற்றாண்டில் சமர்கந்தில் விண்மீன் ஆய்வுக்கூடம் கட்டிய உலுக் பேக். விண்வெளிக்குப் போன பெருமையைச் சோவியத்திடமிருந்து எடுத்து உஸ்பெக் மரபோடு முடிச்சுப் போட்டது யார் யோசனையோ, அழகான யோசனை. பழைய கவிஞர் அலிஷெர் நவாய் பெயரிலுள்ள நிலையத்தில் பழைய மசூதிகளின் குவிமாடங்களே கூரையாக வரிசையாக நிற்கும். 'பஹ்தகோர்' நிலையத்தில் சுவர் முழுக்கப் பருத்திக்காய் மொசைக். அந்தச் சொல்லுக்குப் பருத்தி விளைவிப்பவர் என்று பொருள். பருத்தியை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

நிலையங்களின் பெயரிலும் கவனம் வையுங்கள். 'மஸ்தகில்லிக் மைதானி', விடுதலைச் சதுக்கம், முன்பு லெனின் சதுக்கம். மேலே ஏறினால் உலகிலேயே பெரிய லெனின் சிலைகளில் ஒன்று நின்ற இடம். 1992-ல் அதை இறக்கிவிட்டு, உஸ்பெகிஸ்தானின் எல்லை வரைந்த பூகோள உருண்டையை ஏற்றினார்கள். 'ஹல்க்லார் தோஸ்த்லிகி', மக்களின் நட்பு என்ற நிலையம், 2008-ல் பெயர் மாறி 2018-ல் பழைய பெயருக்கே திரும்பியது. அங்கிருந்த சிலையின் கதையும் அதே மாதிரி. ஷாஅஹ்மத் ஷமஹ்மூதோவ் என்ற கொல்லரும் அவர் மனைவி பஹ்ரியும் போர்க்காலத்தில் வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த 15 அனாதைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். அந்தக் குடும்பத்தின் சிலையை 2008-ல் அகற்றினார்கள். ஊர்மக்களுக்கு அது பொறுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சிலை தன் இடத்துக்கே வந்து சேர்ந்தது. மக்கள் சோவியத் ஆட்சியை மறுத்தாலும், அந்தக் கொல்லர் வீட்டை மறுக்க விரும்பவில்லை.

அமீர் தைமூர் சதுக்கத்தில் இதைவிட நீண்ட வரிசை. 1913-ல் அங்கே ரஷ்ய ஆளுநர் காவுஃப்மன் சிலை நின்றது. பிறகு ஸ்டாலின், பிறகு கார்ல் மார்க்ஸ், 1993 முதல் குதிரைமேல் தைமூர். சிலைகள் மாறும்போதெல்லாம் நிழல் கொடுத்து நின்ற பழைய சினார் மரங்களை 2009-ல் வெட்டிச் சாய்த்தார்கள். ஊர்க்காரர்கள் சிலைகளைவிட அந்த மரங்களைப் பற்றித்தான் வருத்தத்தோடு பேசுகிறார்கள்.

எழுத்தும் இப்படியே மாறியது. 1920-களின் இறுதிவரை உஸ்பெக் மொழிக்கு அரபு எழுத்து. பிறகு லத்தீன். 1940-ல் ரஷ்ய எழுத்தான சிரிலிக். 1993-ல் மறுபடி லத்தீன். கடைப் பலகைகளில் இன்றும் இரண்டும் கலந்து தெரியும். பாட்டி எழுதிய கடிதத்தைப் பேத்தியால் படிக்க முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள். மொழி அதே மொழி, வீடு அதே வீடு. தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று உறைக்கும்.

வழிகாட்டி தானாகச் சொல்லாதவை

சில இடங்களை நீங்களே கேட்க வேண்டியிருக்கும். தொலைக்காட்சிக் கோபுரத்தின் அருகே, போஸ்ஸு கால்வாய்க் கரையில் 'ஷஹீத்லார் ஹாதிரஸி' என்ற நினைவிடமும் அடக்குமுறையில் பலியானவர்களின் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1938 அக்டோபர் 4-ஆம் தேதி அப்துல்லா காதிரி, சோல்பான், ஃபித்ரத் ஆகிய மூன்று எழுத்தாளர்களையும் சுட்டுக் கொன்றார்கள். நவீன உஸ்பெக் இலக்கியத்தை உருவாக்கிய தலைமுறை அது. மெட்ரோவின் அழகைப் பார்த்த அன்றே இங்கும் போய்விட வேண்டும் என்பேன்.

சோர்ஸு சந்தையில் காரமாக ஊறிய கொரிய கேரட் சாலட் விற்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். 1937-ல் ஸ்டாலின் ஆட்சி, கிழக்குக் கடலோரத்தில் இருந்த கொரியர்கள் சுமார் 1,70,000 பேரை ரயிலில் அடைத்துக் கஸாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பியது. கிம்ச்சி என்ற தங்கள் ஊறுகாய்க்கு ஏற்ற முட்டைக்கோஸ் கிடைக்காத இடத்தில் கேரட்டை வைத்துச் சமாளித்தார்கள். அந்தச் சாலட் இப்போது ஊர் முழுக்கச் சாப்பிடும் உணவு.

நவாய் நாடக அரங்கத்தின் பக்கவாட்டில் ஒரு கல்வெட்டு இருக்கும். மாஸ்கோவில் லெனின் சமாதியை வடிவமைத்த அலெக்ஸேய் ஷூஸெவ் வரைந்த அரங்கம் இது. 1947-ல் முடித்ததில் ஜப்பானியப் போர்க் கைதிகளின் உழைப்பு நிறைய. 1966 நிலநடுக்கத்தில் கட்டடம் அசையவில்லை. கைதிகளாக வந்தவர்களை நன்றியோடு நினைத்து வைத்த கல்வெட்டு அது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, 1991-க்கு முன்பு பள்ளியில் படித்தவர் கிடைத்தால் விடாதீர்கள். இளையவரானால் அப்பா அம்மா கதையைக் கேளுங்கள். 'நீங்கள் எந்தக் குவார்ட்டலில் வளர்ந்தீர்கள்?' என்ற கேள்வி, 'சோவியத் ஆட்சி நல்லதா கெட்டதா?' என்பதைவிட நூறு மடங்கு பதில் தரும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நடக்க ஏற்ற மாதங்கள். குடியிருப்பு முற்றங்கள் மக்கள் வாழும் இடம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கு முதலில் ஒரு சலாம் சொல்லுங்கள், படம் அப்புறம்.

நடை முடிந்ததும் ஒரு சாய்ஹானாவில், தேநீர்க் கடையில், உட்காருவீர்கள். பச்சைத் தேநீர் வரும் கெண்டியிலும் 'பியாலா' என்ற கிண்ணத்திலும் கருநீலப் பின்னணியில் வெள்ளைப் பருத்திக்காய்கள். சோவியத் காலத்து வடிவம் இது; இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தின் பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த மண்ணில் விளைந்தது. 'வெள்ளைத் தங்கம்' என்றார்கள். வயலுக்கு நீர் பாய்ச்ச அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளைத் திருப்பியதில், உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல் வற்றிப்போனது. இலையுதிர்காலம் வந்தால் மாணவர்களையும் ஆசிரியர்களையும் வகுப்பிலிருந்து வயலுக்கு அனுப்பினார்கள். அந்த வழக்கம் சோவியத் போன பிறகும் நெடுங்காலம் நீடித்தது. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரும் அநேகமாகப் பருத்தி எடுத்தவராகத்தான் இருப்பார். விரல் கிழிந்ததையும் சொல்வார், இரவில் வயலோரம் கிதார் வாசித்துப் பாடியதையும் சொல்வார்.

அவர் உங்கள் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்றுவார். குறைவாக ஊற்றினால், இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நாள் முழுக்கச் சேர்த்துவைத்த கேள்விகளை அப்போது கேளுங்கள்.